கொப்பிக் கடனும் கடனட்டையும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு கணக்கு

எங்கள் கரையோரத்தில் கடன் படாத குடும்பம் என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் கடனாளி என்ற சொல்லைத் தன் மேல் ஏற்றுக்கொள்பவரையும் காண்பது அரிது. மூலைக்கடைக் கொப்பியில் எழுதினால் அது பற்று. காப்பையோ மாலையையோ கொண்டுபோய் வைத்தால் அது அடகு. அயலில் உள்ள பத்துப் பெண்கள் சேர்ந்து மாதாமாதம் போட்டு எடுத்தால் அது சீட்டு. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருக்கிறது. கொப்பிக்குப் பின்னால் முதலாளி காக்கா இருப்பார், சீட்டுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ராத்தா இருப்பார். பிந்தினால் அவர்கள் முகம் கோணும். அந்த முகத்துக்காகவே எப்படியாவது கட்டி முடித்துவிடுவோம்.

கடனட்டைக்கு முகம் இல்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் இன்று ஆசிரியர்கள், வைத்தியசாலை ஊழியர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், ஒலுவில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்கள், கொஞ்சம் நிமிர்ந்த வியாபாரிகள் எனப் பலரின் பேர்ஸுக்குள் அது இருக்கிறது. சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கியே தொலைபேசியில் அழைத்து, முதல் வருடம் கட்டணமில்லை என்று சொல்லிக் கொடுத்த அட்டைகள்தான் அவற்றில் பெரும்பாலானவை. கேட்டு வாங்கியவர்களை விட, மறுக்கத் தெரியாமல் வாங்கியவர்களே எனக்கு அதிகம் தென்படுகிறார்கள்.

இந்தப் பக்கத்துக்கு வங்கிப் பழக்கம் பிந்தி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. யுத்த காலத்தில் ஓட வேண்டி வந்தபோது கையோடு எடுத்துப் போகக்கூடிய சேமிப்பு தங்கம் மட்டும்தான். 1990இல் கிழக்கின் பல ஊர்கள் இடம்பெயர்ந்தபோது காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் வீட்டோடு போயின, கழுத்தில் கிடந்தது மிஞ்சியது. பிறகு 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து, அந்தத் தங்கத்தையும் அலுமாரியோடு கொண்டுபோனது. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைப் பலிகொண்ட மாவட்டம் அம்பாறைதான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையை அண்டிய வீடுகளில் அன்று போன நகைக்கு இன்றுவரை யாரிடமும் கணக்கில்லை. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மறுபடி எடுத்து, கணக்குத் திறந்து, வங்கியின் படியேறப் பழகிய தலைமுறை அதற்குப் பிறகு வந்தது. அந்தப் பழக்கத்தோடு கடனும் வந்தது.

முதலில் வந்தது நுண்கடன். யுத்தத்துக்குப் பின் வடக்கு கிழக்கில் வீட்டு வாசலுக்கே வந்து கொடுத்து, வாரம் தவறாமல் வாசலுக்கே வந்து வாங்கிய கடன். 2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி, அந்தக் கடன்களில் வட்டி 220 வீதம் வரை போயிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதே வருடம் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அந்தக் கசப்பை அனுபவித்த குடும்பங்களில், பெரிய வங்கியின் பெயர் பொறித்த கடனட்டை ஒரு கௌரவமான பொருளாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. வாசலில் வந்து எவரும் கத்துவதில்லை அல்லவா.

கத்தாத கடன் எப்படி வளர்கிறது என்பதைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

51 நாள் எப்போது, 22 நாள் எப்போது

கடனட்டை விற்பவர்கள் 50 நாள் வட்டியில்லாக் கடன் என்கிறார்கள். அது பொய்யில்லை, ஆனால் எல்லாக் கொள்வனவுக்கும் 50 நாள் கிடைப்பதில்லை. உங்கள் அட்டையின் மாதக் கணக்கு ஒவ்வொரு 15ஆம் திகதியும் மூடப்படுகிறது என்று வையுங்கள். அதிலிருந்து 21 நாளில் கட்ட வேண்டும். மார்ச் 14ஆம் திகதி ஒரு மிக்சி வாங்கினால் அது அடுத்த நாளே பட்டியலில் ஏறிவிடும், ஏப்ரல் 5இல் கட்ட வேண்டும். கையில் இருப்பது 22 நாள். அதே மிக்சியை இரண்டு நாள் பொறுத்து மார்ச் 16இல் வாங்கினால் அது ஏப்ரல் 15ஆம் திகதிப் பட்டியலில் வரும், மே 6இல் கட்டினால் போதும். 51 நாள். அட்டை வைத்திருப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தன் கணக்கு மூடும் திகதியை. எனக்குத் தெரிந்த ஏழெட்டுப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். கட்ட வேண்டிய திகதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது, மூடும் திகதி இரண்டு பேருக்குத்தான் தெரிந்தது.

இந்தச் சலுகை முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையில் தொங்குகிறது. பட்டியலில் உள்ள தொகையை முழுவதுமாக, குறித்த நாளுக்குள் கட்ட வேண்டும். 60,000 ரூபா பட்டியலுக்கு 55,000 கட்டிவிட்டு, மீதி 5,000க்குத்தானே வட்டி வரும் என்று நினைப்பவர்கள் பலர். பெரும்பாலான வங்கிகளின் நிபந்தனை அப்படி இல்லை. முழுத்தொகை கட்டப்படாவிட்டால் சலுகைக் காலமே இல்லாமல் போய், பொருள் வாங்கிய நாளிலிருந்து அந்த 60,000க்கும் வட்டி எண்ணப்படும். 28 வீத வட்டியில் 45 நாளுக்கு அது 2,000 ரூபாவைத் தாண்டும். 5,000 ரூபா பாக்கிக்கு 2,000 ரூபா வட்டி. அதோடு அடுத்த மாதம் வாங்கும் புதிய பொருட்களுக்கும் சலுகை நாள் கிடைக்காது. பாக்கி முழுவதும் தீரும்வரை, மருந்துக்கடையில் தேய்த்த 800 ரூபாவுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

பட்டியலின் ஓர் ஓரத்தில் குறைந்தபட்சக் கொடுப்பனவு என்று ஒரு சிறிய தொகை இருக்கும். அனேகமாக மொத்தத்தில் 5 வீதமளவில். அதைக் கட்டினால் பிந்திய கட்டணம் விழாது, வங்கியிலிருந்து அழைப்பு வராது, அட்டை தொடர்ந்து வேலை செய்யும். ஒரு இலட்சம் ரூபா பாக்கி வைத்துக்கொண்டு, ஒரு புதிய செலவும் செய்யாமல், மாதாமாதம் அந்த 5 வீதத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டும் ஒருவரின் நிலையை 28 வீத வட்டியில் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு வருடத்தில் அவர் கட்டியிருப்பது ஏறத்தாழ 52,800 ரூபா. கடன் குறைந்திருப்பது 28,700 மட்டும். மீதி 24,100 வட்டியாகப் போய்விட்டது. கடன் பாதியாவதற்கு இரண்டு வருடங்களுக்கு மேல் எடுக்கும். ஐந்து வருடம் முடிந்த பிறகும் 18,000 ரூபாவுக்கு மேல் நிலுவை இருக்கும். இத்தனைக்கும் அவர் ஒரு மாதமும் தவறவில்லை. வங்கியின் பார்வையில் அவர் மிக நல்ல வாடிக்கையாளர்.

28 வீதம் என்று நான் எடுத்தது சும்மா ஓர் எண் அல்ல. 2020 ஆகஸ்டில், கொரோனா நெருக்கடிக்கு நடுவில், மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என உச்சவரம்பு விதித்தது. நாடு கடனைக் கட்ட முடியாமல் விழுந்த 2022 ஏப்ரலில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. அந்த வருடம் முடிவதற்குள் வட்டி 36 வீதம் வரை ஏறியது. 18 வீதத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டியை வாங்கி, பாக்கியை மெதுவாகக் கட்டலாம் என்று இருந்தவர், தான் எந்தப் புதிய கடதாசியிலும் கையெழுத்து வைக்காமலேயே இரட்டை வட்டிக்குள் போய்விட்டார். பிறகு 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி மறுபடி தலையிட்டு, கடனட்டைக்கு 28 வீதம், முன்கூட்டியே ஒழுங்குசெய்த தற்காலிக மேலதிகப் பற்றுக்கு 23 வீதம், நகை அடகுக்கு 18 வீதம் என வரம்புகளை வகுத்தது. வட்டி வீதம் மாறக்கூடியது என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிறது. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்பதை 2022 எங்களுக்குக் காட்டியது.

அந்த மூன்று எண்களையும் இன்னொருமுறை பாருங்கள். அடகு 18, கடனட்டை 28. அடகு வைப்பது வெட்கம், அட்டை தேய்ப்பது நாகரிகம் என்ற எண்ணம் எங்கள் வீடுகளில் வளர்ந்திருக்கிறது. நகையைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, அதைவிடக் கூடிய வட்டிக்கு அட்டைப் பாக்கியை இழுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. அடகை நான் சிபாரிசு செய்யவில்லை, மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போன நகைகளின் கதையும் இந்த ஊருக்குத் தெரியும். ஆனால் எது மலிவு என்பதை ஊர்ப்பேச்சு தீர்மானிக்கக் கூடாது, கணக்குத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஏ.ரி.எம். இயந்திரத்தில் கடனட்டையைப் போட்டுக் காசு எடுப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எடுத்த உடனே ஒரு கட்டணம், எடுத்த அன்றிலிருந்தே வட்டி, சலுகை நாள் அறவே கிடையாது. வைத்தியசாலை வாசலில் நிற்கும் நேரம் தவிர வேறெதற்கும் அதைச் செய்யாதீர்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை வரும் சல்லி

கடனட்டை என்ற பொருள் மாதச் சம்பளக்காரருக்காகச் செய்யப்பட்டது. மாதம் ஒரு முறை வருமானம் வரும், மாதம் ஒரு முறை பட்டியல் வரும், இரண்டும் பொருந்தும். அம்பாறை மாவட்டத்தின் வாழ்வு அப்படியல்ல. வயல் செய்பவருக்குப் பெரும்போக அறுவடையில் ஒரு முறையும் சிறுபோக அறுவடையில் ஒரு முறையும்தான் கைநிறையச் சல்லி வரும். கடலுக்குப் போகிறவருக்கு நாளாந்தம் வரும், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வராமலும் போகும். மருதமுனையில் தறி வைத்திருப்பவருக்குப் பெருநாளும் கல்யாணக் காலமும்தான் அறுவடை. வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ பணம் வரும், கம்பனி சம்பளத்தை இழுத்தடித்தால் வராது.

இவர்களில் ஒருவர் உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் அட்டையைத் தேய்த்துவிட்டு, நெல் விற்றதும் மொத்தமாகக் கட்டலாம் என்று நினைத்தால், இடையில் நான்கு மாதப் பட்டியல் வந்துவிடும். ஒவ்வொரு பட்டியலும் வட்டியோடு வரும். ஒன்றைத் தவறவிட்டால் பிந்திய கட்டணமும் சேரும். நெல் விலை விழுந்தால் பிறகு சொல்லவே வேண்டாம். கடைக்காரரின் கொப்பி இந்த விடயத்தில் அட்டையை விடப் புத்திசாலித்தனமானது, அது அறுவடை வரை பொறுக்கும். (அதற்காக அவர் உரத்தின் விலையைக் கூட்டித்தான் எழுதுவார், அது வேறு கதை.) அதனால் போக வருமானத்தில் வாழ்பவர் கடனட்டை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அட்டை வேண்டுமென்றால் சொந்தக் காசை எடுக்கும் டெபிட் அட்டை போதும். பயிருக்குக் கடன் வேண்டுமென்றால் பயிர்க்கடனாகவே கேளுங்கள், அதன் தவணை அறுவடையைப் பார்த்து அமையும்.

சம்பளக்காரருக்குப் பிரயோசனம் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. தவணைத் திகதியில் முழுத்தொகையும் தானாகவே சம்பளக் கணக்கிலிருந்து கழியும்படி வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த அட்டை வட்டியே இல்லாத ஒரு கருவி. குறைந்தபட்சத் தொகையைக் கழிக்கும்படி எழுதிக் கொடுத்தால் அது எதிர்மாறு. விண்ணப்பப் படிவத்தில் இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் பெட்டி இருக்கும், எதில் அடையாளம் போடுகிறோம் என்பதைப் பாருங்கள்.

வட்டியைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்களில் இன்னொரு விடயத்தைத் தாண்டிப் போக முடியாது. வட்டி ஹராம் என்பதால் கடனட்டையே கூடாது என்பவர்கள் உண்டு. வட்டி விழாமல் முழுத்தொகையைக் கட்டினால் ஆகுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை அவர்களிடமே கேட்க வேண்டும், எனக்கு அதில் தகுதி இல்லை. 2011இல் தொடங்கிய வட்டியில்லா அமானா வங்கியும், வேறு வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவுகளும் கிழக்கில் இருக்கின்றன. நான் கவனித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். வட்டி என்ற சொல்லை வாயெடுக்கவே கூசுபவர்கள், அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்றும் கேட்பதில்லை. அந்தக் கூச்சத்தால் அட்டையை வாங்கி வைத்தும், அதற்குள் வட்டி எந்த வழியாக நுழைகிறது என்று தெரியாமல் இருக்கிறார்கள். அதை ஒதுக்க நினைப்பவர்தான் அந்தக் கணக்கை எல்லோரையும் விடத் தெளிவாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மூன்று வீதம் கூட

கல்முனையில் ஒரு கடையில் அண்மையில் ஒரு பொருளுக்கு விலை பேசி முடித்து அட்டையை நீட்டினேன். கடைக்காரர் சொன்னார்: "தம்பி, அந்த விலை காசுக்கு. கார்ட் எண்டா மூணு வீதம் கூட வரும். பேங்க் எங்களுக்கிட்ட எடுக்கிறான், நாங்க என்ன செய்யிற?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அட்டை இயந்திரம் கொடுத்த வங்கி ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு கழிவை எடுக்கிறது. ஆனால் அந்தக் கழிவை வாடிக்கையாளர் மீது ஏற்றக்கூடாது என்பது வியாபாரி அந்த வங்கியோடு செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே இருக்கிறது. மத்திய வங்கியும் இதைப் பலமுறை பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. அப்படி எடுத்தால் பற்றுச்சீட்டோடு உங்கள் அட்டையை வழங்கிய வங்கிக்கு முறையிடலாம். ஒரு இலட்சம் ரூபா நகைக்கு அது 3,000 ரூபா. நகைக்கடையிலும் தொலைபேசிக் கடையிலும் இது சர்வசாதாரணமாக நடக்கிறது. அயலூர்க்காரர், தெரிந்த முகம் என்று நாம் முறையிடுவதில்லை. குறைந்தபட்சம், அதை எதிர்பார்த்துக் காசு விலையையும் அட்டை விலையையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தவணைத் திட்டத்தில் 0 வீத வட்டி என்று எழுதியிருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். செயற்படுத்தும் கட்டணம் என்று ஒன்று உண்டா? அதே பொருளைக் காசுக்கு வாங்கினால் விலை குறையுமா? ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் சாதாரண வட்டிக்குப் போகுமா? இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் அனேகமாக வட்டி ஒளிந்திருக்கும்.

உம்ராவுக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். மக்காவிலோ மதீனாவிலோ அட்டையைப் போடும்போது, ரியாலில் கட்டுகிறீர்களா, இலங்கை ரூபாவில் கட்டுகிறீர்களா என்று இயந்திரம் கேட்கலாம். ரூபாவில் காட்டினால் மனதுக்கு இலகுவாக இருக்கும், ஆனால் அந்த மாற்று விலையை அங்குள்ள இயந்திரக்காரர் வைக்கிறார், அதில் அவருடைய இலாபமும் அடக்கம். ரியாலைத் தெரிவு செய்யுங்கள். அப்போதும் உங்கள் வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் முத்திரை வரியும் சேரும், ஆனால் இரட்டை அடி விழாது.

தமிழில் பேசும் திருடர்கள்

முன்பு அட்டை மோசடி என்றால் இயந்திரத்தில் கருவி பொருத்தி அட்டையைப் பிரதியெடுப்பதுதான். அதற்காகவே இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டம் வந்தது. அட்டைகளில் சிப் வந்த பிறகு அட்டையைப் பிரதியெடுப்பது கடினமாகிவிட்டது. அதனால் இப்போது ஆளை ஏமாற்றுகிறார்கள். அட்டையைத் திருடத் தேவையில்லை, நாங்களே இலக்கத்தை வாசித்துக் காட்டுகிறோம்.

தபால் திணைக்களத்தின் பெயரில் வந்த குறுஞ்செய்தி பலருக்கு நினைவிருக்கும். உங்கள் பொதி வந்திருக்கிறது, முகவரி தெளிவில்லை, சிறு கட்டணம் கட்டி உறுதிப்படுத்துங்கள் என்று ஓர் இணைப்பு. உள்ளே போனால் தபால் திணைக்களத்தின் சின்னத்தோடு ஒரு பக்கம் அட்டை இலக்கத்தைக் கேட்கும். அப்படி ஒரு செய்தியும் தாங்கள் அனுப்புவதில்லை என்று திணைக்களம் அறிவிக்க வேண்டி வந்தது. வெளிநாட்டிலிருந்து பொதி வருவது எங்கள் வீடுகளில் வழமை. மகன் பெட்டி அனுப்பியிருக்கிறேன் என்று சொன்ன அதே கிழமையில் இந்தச் செய்தி வந்தால் உம்மாவுக்குச் சந்தேகம் எப்படி வரும்?

அடுத்தது தொலைபேசி. வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் அட்டையில் யாரோ 85,000 ரூபாவுக்கு வாங்கப் பார்க்கிறார்கள், நிறுத்துவதற்கு இப்போது வரும் ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள் என்பார்கள். அந்த ஆறு இலக்கம் நிறுத்துவதற்கானது அல்ல. வாங்குவதற்கானது. அவர்கள் அந்த நேரம் உங்கள் அட்டை இலக்கத்தை எங்கோ ஓர் இணையக் கடையில் போட்டு வைத்துக்கொண்டு, கடைசிக் கதவு திறப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். வங்கி உத்தியோகத்தர் எவருக்கும், முகாமையாளருக்கும் கூட, அந்த இலக்கம் தேவையே இல்லை. குறுஞ்செய்தியிலேயே அது எதற்கு, எவ்வளவு தொகைக்கு என்று எழுதியிருக்கும். பதற்றத்தில் யாரும் அதை வாசிப்பதில்லை.

யுத்தத்தைக் கண்ட எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அதிகாரக் குரலில் ஒருவர் பேர் சொல்லி அழைத்து, அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லு என்றால் சொல்லிவிடுவோம். சோதனைச் சாவடிகளில் வருடக்கணக்காகப் பழகிய கீழ்ப்படிவு அது. கேள்வி கேட்பது ஆபத்து என்று உடம்பு கற்றுவைத்திருக்கிறது. இந்த மோசடிக்காரர்களின் முதலீடே அந்தக் குரல்தான். கணக்கை முடக்கிவிடுவோம், பொலிஸுக்கு அறிவிப்போம் என்று மிரட்டுவார்கள். தொலைபேசியை வைத்துவிடலாம். வங்கியோடு பேச வேண்டுமென்றால் அட்டையின் பின்புறம் உள்ள இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள்.

இவர்களை யாரோ தனி ஆள் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூனில் கொழும்பின் சுற்றுப்புறத்திலும் நீர்கொழும்பிலும் இணைய நிதி மோசடி தொடர்பாக 60 இந்தியப் பிரஜைகள் கைதானார்கள். அதே வருடம் ஒக்டோபரில் 200க்கும் மேற்பட்ட சீனப் பிரஜைகள் பிடிபட்டார்கள். வீடு வாடகைக்கு எடுத்து, மேசை போட்டு, நூற்றுக்கணக்கில் தொலைபேசி வைத்து நடத்தும் தொழில் இது. அவர்களுக்கு உள்ளூரில் தேவைப்படுவது ஒன்றே ஒன்று, பணம் வந்து விழுவதற்கு வங்கிக் கணக்கு. அதற்காகத்தான், உங்கள் கணக்கையும் அட்டையையும் மாதம் இத்தனை ஆயிரத்துக்குத் தாருங்கள் என்று வேலையில்லாத இளைஞர்களிடம் வருகிறார்கள். கொடுத்தவர் எதுவும் செய்யவில்லை என்றாலும், பணம் தேடிப் பொலிஸ் வருவது அந்தக் கணக்கின் சொந்தக்காரரிடம்தான். பல்கலைக்கழகம் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை இன்றைக்கே பேசிவிடுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு இரண்டு நாள் யோசிக்காதீர்கள். அட்டையின் பின்னாலுள்ள இலக்கத்துக்கு அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள், அழைத்த நேரத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதி வையுங்கள். எந்த நிமிடத்தில் அறிவித்தீர்கள் என்பது பிறகு முக்கியமான கேள்வியாக வரும். அன்றே கிளைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பொலிஸ் முறைப்பாடும் வேண்டும். இணைய மோசடி என்றால் இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவின் 101 என்ற இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால் அதோடு முடிவதில்லை. மத்திய வங்கியில் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் 2020 ஆகஸ்டிலிருந்து இயங்குகிறது, அதன் இலக்கம் 1935. 2003இலிருந்து நிதி ஒம்புட்ஸ்மன் அலுவலகமும் இருக்கிறது, கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. இரண்டுமே முதலில் கேட்பது, வங்கிக்கு எழுத்தில் முறையிட்டீர்களா, என்ன பதில் வந்தது என்பதை. கிளையில் வாயால் சொன்ன கதைக்கு அங்கே மதிப்பில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்ணப்பமும் நிபந்தனைகளும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நீட்டப்படும்போது, கையெழுத்து வைக்கும் இடத்தை மட்டும் தேடுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. 2011இல் மத்திய வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் சாசனமே, சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றில் விரும்பிய மொழியில் கேட்கலாம் என்று சொன்னது. கேளுங்கள். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்று சொன்னால், வரும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். கடனட்டைக்கு எந்த அவசரமும் இல்லை, அவசரம் விற்பவருக்குத்தான்.

கடைசியாக, அலுமாரியில் கிடக்கும் அட்டைகள். பாவிக்காத அட்டைக்குச் செலவில்லை என்று நினைக்கிறோம். முதல் வருடம் போனதும் வருடாந்தக் கட்டணம் அதில் விழும். பட்டியல் பழைய முகவரிக்கோ, பார்க்காத மின்னஞ்சலுக்கோ போகும். கட்டாத கட்டணத்துக்கு வட்டியும் பிந்திய கட்டணமும் சேரும், பிறகு அது கடன் தகவல் பணியகத்தின் பதிவில் ஏறும். 'கிறிப்' என்று வங்கிகளில் சொல்வது இதைத்தான், 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. சில வருடம் கழித்து வீட்டுக்கடனுக்குப் போகும்போது, தேய்க்கவே தேய்க்காத ஓர் அட்டையின் சில ஆயிரம் ரூபா பாக்கி முன்னால் வந்து நிற்கும். உங்கள் பதிவை நீங்களே கட்டணம் செலுத்திப் பெற்றுப் பார்க்கலாம். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போடுவது கணக்கை மூடுவதாகாது. பாக்கியைச் சுழியமாக்கி, கணக்கை மூடும்படி கடிதம் கொடுத்து, மூடப்பட்டது என்று வங்கி தரும் கடிதத்தைக் கையில் வாங்கி, காணி உறுதி வைத்திருக்கும் அதே உறைக்குள் அதையும் வையுங்கள்.